ஆயுத பூசைக்குக் கழுவிய தகடுகள்

1. சுத்தமான பட்டறை

லண்டன் வால்தம்ஸ்டோவில் குகன் அண்ணையின் வெல்டிங் பட்டறைக்குள் நாங்கள் இருவரும் நுழைந்தபோது, அங்கே அடுக்கியிருந்த உருக்குத் தகடுகள் மின்னிக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றிலும் சந்தனம் தொட்டு நடுவில் குங்குமப் பொட்டு. அடுக்கைச் சுற்றிச் சிவப்புப் பட்டி. பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் ஒன்றிலும் இலக்கத்தைக் காணவில்லை.

பக்கத்தில் நின்ற யூட்டைத் திரும்பிப் பார்த்தேன். அவருக்கும் விளங்கிவிட்டது.

குகன் அண்ணை இரண்டு கைகளையும் இடுப்பில் வைத்துக்கொண்டு பெருமையாக நின்றார். “முந்தநாள் ஆயுத பூசை, தம்பி. முழுப் பட்டறையையும் கழுவினது. தின்னர் போட்டு, வயர் பிரஷ் போட்டு. ஒரு ஊத்தை இல்லை, பாருங்கோ.”

“இதில எது 355, எது 275, அண்ணை?” என்று யூட் கேட்டார்.

குகன் அண்ணையின் கைகள் இடுப்பிலிருந்து இறங்கின.

பொறியியல் முடித்த தங்கைகள் சிலர் என்னிடம், “அக்கா, உங்கட வேலை எண்டா என்ன?” என்று கேட்கிறார்கள். சுருக்கமாகச் சொல்ல முயன்று ஒவ்வொரு முறையும் தோற்றிருக்கிறேன். அந்த ஒரு நாளை முழுதாகச் சொன்னால் விளங்கும் என்று நினைக்கிறேன்.

கட்டடத்தில் பொருத்தும் உருக்குப் படிக்கட்டு ஒன்றை ஐரோப்பாவில் விற்பதற்கு மூன்று காரியங்கள் நடக்கவேண்டும்.

ஒன்று, செய்தவர் தன் பொருளின் வலிமை இவ்வளவு என்று தானே எழுத்தில் அறிவிக்கவேண்டும். இரண்டு, அவருடைய பட்டறையில் வேலை ஒழுங்காக நடக்கிறதா என்று வெளியிலிருந்து ஒருவர் வந்து பார்த்துச் சான்றிதழ் தரவேண்டும். மூன்று, அதன் பிறகே அந்தப் பொருளில் சிஈ குறியைப் பதிக்கலாம்.

இரண்டாவதில் வருகிற அந்த வெளியாள் நான். ஆடிட்டர் என்பார்கள். கணக்குப் பார்க்கிற ஆடிட்டர் என்று என் பெரியம்மா இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறார்.

355, 275 என்பவை உருக்கின் தரங்கள். 355 கூடிய பாரம் தாங்கும். ஒரே தடிப்பில் வெட்டிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் கண்ணால் பிரித்தறிய முடியாது. ஆகவே பெரிய தகட்டிலிருந்து துண்டு வெட்டும்போது, தகட்டில் இருக்கும் உருக்கு ஆலையின் இலக்கத்தை வெள்ளைப் பெயின்ற் பேனாவால் ஒவ்வொரு துண்டிலும் திரும்ப எழுதவேண்டும். இதை ஹீட் நம்பர் என்பார்கள். அந்த இலக்கத்தை ஆலையின் சான்றிதழோடு ஒப்பிட்டால்தான் துண்டு என்ன தரம் என்று தெரியும். அடையாளம் இல்லாத துண்டைத் தரம் கெட்ட துண்டாகவே கருதவேண்டும் என்பது விதி.

குகன் அண்ணையின் ஆட்கள் எல்லாத் துண்டுகளிலும் ஒழுங்காக எழுதித்தான் வைத்திருந்தார்கள். பூசைக்காக அத்தனையையும் தின்னர் ஊற்றித் துடைத்துவிட்டார்கள். 355 துண்டுகள் பாரிஸிலிருந்து கேட்டிருந்த ஒரு படிக்கட்டுக்கு வெட்டியவை. 275 துண்டுகள் ஸ்ட்ரெதமில் ஒரு கடையின் மாடிக்கு வெட்டியவை. கழுவிய பின் இரண்டையும் ஒரே அடுக்காக அடுக்கி, பாரபட்சமில்லாமல் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்திருந்தார்கள்.

2. அலுவலகம் இரண்டான பிறகு

யூட்டைப் பற்றிச் சொல்லவேண்டும்.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது எங்கள் லண்டன் அலுவலகம் தரும் சான்றிதழ் ஐரோப்பா முழுவதும் செல்லுபடியானது. பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகியதும் அந்த உரிமை போனது. இப்போது எங்கள் கையெழுத்து யூகேசிஏ என்ற பிரித்தானியக் குறிக்கு மட்டும்தான். சிஈ குறிக்கான கோப்புகளை எல்லாம் ஒன்றியத்திலேயே இருக்கும் அயர்லாந்தில், டப்ளினில் திறந்த கிளைக்கு அனுப்பினோம். கோப்புகளோடு சில ஆட்களும் போனார்கள். யூட் அவர்களில் ஒருவர்.

அவருடையது கத்தோலிக்கக் குடும்பம், மன்னாரிலிருந்து வந்து தெற்கு லண்டன் ஸ்ட்ரெதமில் இருந்தது. வெல்டிங் எஞ்சினியர். என்னைவிட இரண்டு வருடம் மூத்தவர். ஒரு காலத்தில் மாதத்தில் பாதி நாள் நாங்கள் ஒன்றாகத்தான் ஆடிட்டுக்குப் போனோம். லெஸ்டர், லில், அன்ட்வெர்ப். அவர் வெல்டிங் பகுதியைப் பார்ப்பார், நான் பொருட்களையும் பதிவுகளையும் பார்ப்பேன். வேலை பேசும்போது ஆங்கிலம், வேலை முடிந்தால் தமிழ் என்று எங்களுக்குள் ஒரு வழக்கம் தானாக வந்திருந்தது. ரயிலில் திரும்பும்போது அவர் மடிக்கணினியை மூடிவிட்டு, “சரி, இனிச் சொல்லும்” என்பார். அதன் பிறகு தமிழ்தான்.

இந்த “இனிச் சொல்லும்” என்பதற்குப் பிறகு நாங்கள் பேசியதில் முக்கியமானது என்று எதுவும் இல்லை. எந்த ஊர்க் கோப்பியில் கசப்புக் கூட, எந்த வாடிக்கையாளர் தலைமயிருக்கு மை பூசுகிறார், அவருடைய தங்கச்சியின் பாடகர் குழு, என் அப்பாவின் ரத்த அழுத்தம். ஆனால் அவர் போன பின் ரயில்களில் நான் மடிக்கணினியை மூடுவதே இல்லை.

டப்ளினுக்குப் போவதற்கு முன் அவர் கேட்டார். பிரித்தானியக் கடவுச்சீட்டு இருந்தால் அயர்லாந்தில் வேலை செய்ய விசா தேவையில்லை, அங்கே இன்னொரு ஆடிட்டருக்கும் இடம் இருக்கிறது என்று முதலில் ஆங்கிலத்தில் சொன்னார். பிறகு தமிழில், “வாறீரோ?” என்றார்.

அந்த மாதம்தான் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து இடது கை விழுந்திருந்தது. அண்ணா ரொறொன்ரோவில் இருக்கிறார். இங்கே லண்டனில், செவன் கிங்ஸில் இருக்கும் வீட்டில் அம்மாவும் நானும்தான். “ஏலாது, யூட்” என்றேன். காரணத்தை அவர் கேட்கவில்லை, தெரிந்திருந்தது. எங்களுக்குள் வேறு எதுவும் சொல்லிக்கொள்ளப்படவில்லை. ஆகவே முறிந்தது என்று சொல்வதற்கும் எதுவும் இல்லை.

அதன் பிறகு அவரை நேரில் கண்டது குகன் அண்ணையின் பட்டறை வாசலில்தான். பட்டறைக்கு யூகேசிஏ சான்றிதழ் ஏற்கெனவே இருந்தது. இப்போது படிக்கட்டு செய்துதரச் சொல்லிப் பாரிஸிலிருந்து ஒரு ஓடர் வந்ததால் சிஈ தேவைப்பட்டது. அதற்கான முதல் பரிசோதனைக்கு டப்ளினிலிருந்து ஒருவர் வரவேண்டும், லண்டனிலிருந்து ஒருவர் சேர்ந்து பார்க்கவேண்டும். யார் வருகிறார் என்று மின்னஞ்சலில் பெயரைப் பார்த்ததும், அந்த வாரத்துக்குரிய என் மற்ற வேலைகளை எல்லாம் முன்கூட்டியே முடித்துவிட்டேன். அப்படி நான் ஒருபோதும் செய்வதில்லை.

3. பாரிஸ் படிக்கட்டு

காலை முழுவதும் பட்டறையைப் பார்த்தோம். வெல்டர்களின் தகுதிச் சான்றுகள் சரி. வெல்டிங் கம்பிகளை உலர் பெட்டியில் வைத்திருந்தார்கள். அளவுக் கருவிகள் சரி. ஏற்கெனவே வெல்ட் செய்து முடித்த பாகங்களில் வேலை இலக்கத்தைச் சுத்தியலால் அடித்துப் பதித்திருந்தார்கள், அவற்றைத் தின்னர் ஒன்றும் செய்யவில்லை. பிரச்சினை அந்த ஒரு அடுக்கில்தான்.

குகன் அண்ணை எங்கள் பின்னாலேயே வந்துகொண்டிருந்தார். யாழ்ப்பாணத்தில் பஸ் பொடி, அதாவது பஸ்ஸின் வெளிக்கூடு, கட்டுகிற வேலை பழகியவர். லண்டனுக்கு அகதியாக வந்து, பெற்றோல் நிலையத்தில் நின்று, பிறகு இந்தப் பட்டறையைத் தொடங்கியவர். அவருடைய மனைவி வதனா அக்கா அலுவலகத்தையும் தரக் கட்டுப்பாட்டையும் பார்க்கிறார். வதனா அக்கா அன்று அதிகம் பேசவில்லை. கேட்டதற்கு ஓம், இல்லை என்று மட்டும் சொன்னார். அவருடைய முகத்தைப் பார்த்தால் நிறையச் சொல்ல இருப்பவர்போல் இருந்தது.

இந்தப் பாரிஸ் ஓடர் என்னவென்று குகன் அண்ணை எனக்குத் தனியாகச் சொன்னார். அடுக்குமாடிக் கட்டடம் ஒன்றுக்கு தீப்பிடித்தால் தப்பி இறங்குவதற்கான வெளிப்புறப் படிக்கட்டு. பாரிஸ் ஒப்பந்தக்காரர் மாத முடிவுக்குள் சாமானை எதிர்பார்க்கிறார். பிந்தினால் லியோனில் ஒரு கொம்பனி தயாராக இருக்கிறது. பிரிட்டன் விலகிய பிறகு ஐரோப்பாவிலிருந்து இவருக்கு வந்த முதல் ஓடர் இது.

“காசுக்காக மட்டும் சொல்லேல்லை, பிள்ளை. என்ர தம்பி பாரிஸில இருக்கிறான். இவ்வளவு வருசமா நான் என்ன செய்யிறன் எண்டு அவன் ஒரு நாளும் காணேல்லை. எனக்கு லண்டன், அவனுக்குப் பாரிஸ் எண்டு போச்சு. போனில கதைப்பம். நான் செய்த படியில அவன் ஒருக்கா ஏறோணும்.”

நான் ஆடிட்டர். இதற்குப் பதில் சொல்லக்கூடாது. தலையை மட்டும் ஆட்டிவிட்டு ஹீட் நம்பர் எழுதும் பேனாவைக் காட்டும்படி கேட்டேன்.

4. அவல், கடலை, மேஜர்

மதியம் வதனா அக்கா அலுவலக மேசையில் அவலும் கடலையும் கொண்டுவந்து வைத்தார். ஆடிட்டர்கள் அன்பளிப்பு வாங்கக்கூடாது. தேநீரும் பலகாரமும் வாங்கலாம். பூசை அவல் எதில் சேரும் என்று யூட் என்னைக் கேட்டார்.

“பிரசாதத்துக்கு எங்கட விதியில ஒண்டும் இல்லை” என்றேன்.

“எங்கட கோயிலில ஒரு துண்டு அப்பம்தான் தருவினம். நீங்கள் கடலையெல்லாம் போட்டு ஆளை மயக்கிறியள்” என்றார் யூட்.

வதனா அக்கா முதல்முறையாகச் சிரித்தார். பிறகு கதவை மூடிவிட்டு எங்களைத் தனியே விட்டுப் போனார்.

நாங்கள் ஆங்கிலத்துக்கு மாறினோம். குறைபாடுகளில் இரண்டு வகை உண்டு. மைனர் என்றால் பட்டறை திருத்தம் செய்து, ஆதாரத்தை மின்னஞ்சலில் அனுப்பினால் போதும், சான்றிதழ் வந்துவிடும். மேஜர் என்றால் பட்டறையின் ஒழுங்குமுறையே உடைந்துவிட்டது என்று பொருள். திருத்திய பின் ஆடிட்டர் மறுபடியும் நேரில் வந்து பார்க்கவேண்டும். அதுவரை சான்றிதழ் கிடையாது. யூட்டின் நாட்குறிப்பில் அடுத்த இடம் தை மாதத்தில்தான் இருந்தது. மேஜர் என்று எழுதினால் பாரிஸ் ஓடர் லியோனுக்குப் போய்விடும்.

யூட்டுக்கு மேஜர் என்றே பட்டது. இரண்டு தரங்கள் கலந்து கிடக்கின்றன, எது எதுவென்று முதலாளிக்கே தெரியவில்லை, நாளைக்கு ஒருவர் ஒரு துண்டைத் தூக்கி வெல்ட் செய்தால் தடுப்பதற்கு என்ன இருக்கிறது என்றார். ஆனால் இரண்டு அலுவலகங்களும் ஒரே தீர்ப்புத் தரவேண்டும். ஆகவே என் கருத்தைக் கேட்டார்.

ஐந்து நிமிடம் தரச் சொன்னேன். யோசிக்கவேண்டும் என்றால் நான் பட்டியல் போடுவேன், அது அவருக்குத் தெரியும். அவர் தேநீர்க் கோப்பையோடு ஜன்னலுக்குப் போனார்.

தாளின் இடப்பக்கத்தில் மேஜருக்கான காரணங்களை எழுதினேன். தரங்கள் கலந்தன. அடையாளம் முழுதாக அழிந்தது. கேட்டபோது முதலாளியால் பதில் சொல்ல முடியவில்லை. நாலாவதாக எழுதக் கை போனது, எழுதவில்லை. மேஜர் என்றால் தை மாதம் அவர் திரும்ப வருவார். இந்த அறையில், இந்த ஜன்னலடியில், இதேபோல் நிற்பார்.

அது விதிப்புத்தகத்தில் எந்தப் பிரிவிலும் வராத காரணம். ஆனால் மற்ற மூன்றையும்விட அதற்குத்தான் பாரம் கூட என்பது எனக்குத் தெரிந்தது. மற்ற மூன்றும் உண்மையான காரணங்கள். ஆகவே மேஜர் என்று நான் சொன்னால் ஒருவரும் பிழை பிடிக்க முடியாது.

வலப்பக்கம் வெறுமையாக இருந்தது. அதில் எழுத எதுவும் இருக்கிறதா என்று பார்க்க நானும் ஜன்னலுக்குப் போனேன். கீழே பட்டறை தெரிந்தது. அறுக்கிற மெசினில் சந்தனமும் பொட்டும். துளை போடும் மெசினில் சந்தனமும் பொட்டும் ஒரு செவ்வந்தி மாலையும். வெல்டிங் பெட்டிகளில் பொட்டு. தகடுகளில் பொட்டு. ஆனால் சிவப்புப் பட்டி தகட்டு அடுக்கில் மட்டும்தான் இருந்தது. எங்கள் வீட்டில் பூசை செய்து பழகியவள் நான். அலங்காரம் என்றால் முதலில் மெசினுக்குத்தான் கட்டுவார்கள்.

காலையில் அதைப் பூசைக்குக் கட்டியது என்று நினைத்துவிட்டேன். யூட்டும் அப்படித்தான் நினைத்திருப்பார். அது துணிகூட இல்லை, தொடாதே என்று தடுக்கச் சுற்றும் பிளாஸ்டிக்.

5. ஒரு கேள்வி

யாராவது வேண்டுமென்றே கட்டியிருந்தால், அந்த அடுக்கைத் தொடக்கூடாது என்று யாரோ ஏற்கெனவே தடுத்திருக்கிறார்கள். அப்படியானால் முறை உடையவில்லை. பிழை நடந்தது, முறை அதைப் பிடித்துவிட்டது. அது மைனர்.

இதைக் கேட்டே ஆகவேண்டும் என்று எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. ஆடிட் என்பது மாதிரிக்குச் சிலவற்றை எடுத்துப் பார்ப்பதுதான். கேட்காத கேள்விகள் ஒவ்வொரு ஆடிட்டிலும் நூறு இருக்கும். இதுவும் அவற்றில் ஒன்றாகப் போயிருக்கும். யூட் ஜன்னலில் சாய்ந்து நின்றபடி, தான் முன்பு இருந்த ஸ்ட்ரெதம் தெருவை நேற்று இரவு போய்ப் பார்த்ததாகச் சொல்லிக்கொண்டிருந்தார். தமிழில் சொன்னார். இன்னும் ஒரு நிமிடம் அவர் பேசட்டும் என்று நின்றேன். பேசினார். பிறகு நான் கதவைத் திறந்து வதனா அக்காவைக் கூப்பிட்டேன்.

குகன் அண்ணையும் கூடவே வந்தார்.

“அக்கா, அந்தப் பிளேட் அடுக்கில சிவப்புப் பட்டி கட்டினது ஆர்?”

“நான்தான்.”

“ஏன் கட்டினனீங்கள்?”

அவர் கணவரைப் பார்த்தார். குகன் அண்ணை கூரையைப் பார்த்தார்.

“பூசைக்கு எல்லாத்தையும் கழுவச் சொன்னது நான்தான், பிள்ளை. அண்டு பின்னேரம் விளக்கு வைக்கப் போகேக்கதான் நம்பரெல்லாம் அழிஞ்சு போயிட்டுது எண்டு கண்டனான். நெஞ்சு திக்கெண்டுது. உடனயே பட்டியைச் சுத்தி, ஒருத்தரும் கை வைக்கக்கூடாது எண்டு பெடியளுக்குச் சொன்னனான். ஸ்பார்க் ரெஸ்ற் பண்ணுற ஆளுக்கும் போன் அடிச்சிட்டன். வெள்ளிக்கிழமை வாறார். இவர் பதறுவார் எண்டு இவருக்குச் சொல்லேல்லை.”

ஸ்பார்க் ரெஸ்ற் என்பது உருக்கில் சிறு பொறி உண்டாக்கி, அதில் என்னென்ன மூலகங்கள் எவ்வளவு இருக்கின்றன என்று கருவியால் அளப்பது. அந்த அளவை ஆலைச் சான்றிதழோடு ஒப்பிட்டால் எந்தத் துண்டு எந்தத் தகட்டிலிருந்து வந்தது என்று கண்டுபிடிக்கலாம். நாங்கள் சொல்லிச் செய்யவைக்கவேண்டிய திருத்தம் அதுதான்.

யூட் கோப்பையைக் கீழே வைத்தார். “அக்கா, இதைக் காலமையே சொல்லியிருக்கலாமே.”

“நீங்கள் கேக்கேல்லையே, தம்பி. ஆடிட்டர்மார் கேட்டதுக்கு மட்டும்தான் வாய் திறக்கோணும், மேல ஒரு சொல்லு சொன்னா அதில பிடிச்சிடுவினம் எண்டு இவர் ஒரு கிழமையா வெருட்டி வைச்சிருக்கிறார்.”

“நான் பொதுவாச் சொன்னது” என்றார் குகன் அண்ணை.

“பொதுவா. காலமை அந்தப் பட்டி வடிவில்லை, கழட்டு எண்டும் சொன்னவர். நான் மாட்டன் எண்டு நிண்டனான். கழட்டியிருந்தா இப்ப உங்கட ஓடர் லியோனுக்குத்தான் போயிருக்கும்.”

பட்டறைகளில் இந்தப் பழக்கம் பரவலாக இருக்கிறது. யாரோ ஒரு ஆலோசகர் எப்போதோ சொல்லிவைத்தது, கேட்டதற்கு மட்டும் பதில். எங்கள் ஆட்களிடம் இது இன்னும் கூட. அகதி விசாரணையில் உட்கார்ந்து எழும்பிய ஆட்கள். மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் கேட்டதற்கு மேல் ஒன்றும் சொல்லக்கூடாது என்பதை அவர்களுக்கு ஒருவரும் புதிதாகக் கற்பிக்கத் தேவையில்லை. மேசையின் அந்தப் பக்கத்தில் இப்போது நான் இருக்கிறேன் என்பதை அன்றுதான் சரியாக உணர்ந்தேன்.

நாங்கள் கீழே போய் வெல்டர்களிடம் தனித்தனியாகக் கேட்டோம். எல்லோரும் ஒரே பதில் சொன்னார்கள். பட்டி கட்டியதைத் தொடமாட்டோம், அக்கா என்றால் எங்களுக்குப் பயம். கேட்டதற்கு மேல் ஒருவர் ஒரு சொல் சேர்த்துச் சொன்னார், முதலாளி என்றால் அவ்வளவு பயமில்லை என்று.

யூட் ஆங்கிலத்தில் என்னைக் கேட்டார், “மைனரா?”

“மைனர்” என்றேன்.

குகன் அண்ணை பலமாக மூச்சு விட்டார். வதனா அக்கா போய், மிச்ச அவலைப் பொதி செய்து எங்கள் இருவரின் பைகளிலும் வைத்தார். அது அன்பளிப்பா பலகாரமா என்று இந்த முறை நாங்கள் பேசவில்லை.

6. டொட்டனம் ஹேல்

யூட்டின் விமானம் ஸ்ரான்ஸ்டட்டிலிருந்து. அதற்கு டொட்டனம் ஹேலில் ரயில் மாறவேண்டும். செவன் கிங்ஸ் போக எனக்கு வால்தம்ஸ்டோவிலேயே பஸ் இருந்தது. ஆனாலும் அவரோடு விக்டோரியா லைன் சுரங்க ரயிலில் ஏறினேன். இரண்டாவது நிறுத்தம்தான். நிற்கவும் இடமில்லாத கூட்டம். அந்த இரைச்சலில் பேச முடியவில்லை.

டொட்டனம் ஹேல் மேடையில் ஸ்ரான்ஸ்டட் ரயிலுக்குக் காத்து நின்றோம். அவர் என் அப்பாவைப் பற்றி விசாரித்தார். இப்போது கையால் கோப்பை பிடிக்கிறார், நடக்க மட்டும் ஆள் வேண்டும் என்று சொன்னேன். டப்ளினில் எப்படி இருக்கிறது என்று கேட்டேன். நல்லது, மழை, மீன் மலிவு என்றார்.

“அந்தப் பட்டியை நீர் எப்ப கண்டனீர்?” என்று கேட்டார்.

“பட்டியல் போடேக்க.”

“நான் காலமையே கண்டனான். பூசைக்குக் கட்டினது எண்டு நினைச்சு விட்டிட்டன்.” கொஞ்சம் பொறுத்து, “வடிவா நினைச்சுப் பாத்திருக்கலாம். பாக்கேல்லை” என்றார்.

நான் பைக்குள் இருந்த அவல் பொதியை நேராக்கி வைத்தேன்.

“மேஜர் எண்டா தை மாசம் நான் வந்திருப்பன், ஆரணி.”

“தெரியும்.”

ரயில் வந்தது. கதவு திறந்து ஆட்கள் இறங்கினார்கள். அவர் ஏறி, உள்ளே போகாமல் கதவடியிலேயே நின்றார். “அப்பாவைக் கேட்டதாச் சொல்லும்” என்றார். ஓம் என்றேன். கதவு மூடியது.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் யூட் விசாரித்ததாகச் சொன்னேன். எந்த யூட் என்று அப்பா கேட்டார். முன்பு எங்களோடு வேலை செய்தவர் என்றேன்.

7. ஹெலனிடம் சொன்னது

ஸ்பார்க் ரெஸ்ற் முடிவுகள் ஒரு துண்டும் மிச்சமில்லாமல் ஆலைச் சான்றிதழ்களோடு ஒத்துப்போயின. இனிமேல் பெயின்ற் பேனாவில்லை, ஹீட் நம்பரை அடித்துப் பதிப்போம் என்று வதனா அக்கா புதிய முறை எழுதி அனுப்பினார். அடுத்த வருடமும் கழுவுவோம் என்பதையும் அதில் சேர்த்திருந்தார். டப்ளினிலிருந்து சான்றிதழ் வந்தது. படிக்கட்டு மாத முடிவுக்கு முன்பே போய்ச் சேர்ந்தது. குகன் அண்ணையும் பொருத்துவதற்குக் கூடப் போயிருந்தார். அங்கிருந்து எனக்குப் போன் எடுத்து, தம்பி ஆறு மாடியும் ஏறிவிட்டு இறங்க மாட்டேன் என்று மேலே நிற்கிறான் என்றார். காற்றுச் சத்தமும் யாரோ சிரிக்கிற சத்தமும் கேட்டன.

அதற்கு அடுத்த நாள் என் மேலாளர் ஹெலனிடம் போனேன். ஆடிட்டர்கள் தங்கள் தீர்ப்பைச் சாய்க்கக்கூடிய எதையும் அறிவிக்கவேண்டும். உறவுக்காரரின் கொம்பனி, பழைய முதலாளி, அப்படியானவை. யூட்டோடு சேர்ந்து செய்யும் ஆடிட்டுகளுக்கு இனி என்னை அனுப்பவேண்டாம் என்று சொன்னேன்.

ஹெலன் பேனாவை எடுத்தார். “உங்களுக்கிடையில் ஏதாவது தகராறா?”

“இல்லை.”

“அப்படியென்றால் தொடர்பா?”

“இல்லை.”

அவர் பேனாவைக் கீழே வைத்தார். “பிறகு என்னவென்று நான் எழுதுவது? அறிவிப்பதற்கு ஒன்றும் இல்லையே.”

“இருக்கிறது” என்றேன். “என்னவென்று எழுதுவது என்பதை நீங்களே தீர்மானியுங்கள்.”

அவர் பேனாவை மறுபடியும் எடுத்து, சரி என்றார்.

இந்த வேலைக்கு வரப்போகும் தங்கைகளுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். பக்கச்சார்பில்லாமல் இருப்பது என்றால் ஆசையில்லாமல் இருப்பது என்று நானும் முதலில் நினைத்தேன். ஆசை எங்களோடு பட்டறைக்குள் வரும், தொப்பியும் பாதுகாப்புச் சப்பாத்தும் போட்டுக்கொண்டு வரும். எந்தப் பதில் வந்தால் உங்களுக்கு இழப்போ, அந்தக் கேள்வியைக் கேட்டுவிடுங்கள். எனக்கு வேறு வழி தெரியவில்லை.

டப்ளினிலிருந்து ஆள் வரும்போது இப்போது எங்கள் அலுவலகத்திலிருந்து பிரியா போகிறாள். திரும்பி வந்ததும் என் மேசைக்கு வந்து நடந்ததை எல்லாம் சொல்வாள். வெல்டிங் எப்படி, பதிவுகள் எப்படி, மதியம் என்ன சாப்பிட்டார்கள். நானும் எல்லாம் கேட்பேன். யார் வந்தது என்று மட்டும் கேட்பதில்லை.